கேட்காமல் காட்டாதீர்கள்

வேண்டாம் என்று சொன்னேன். பணிவாகச் சொன்னேன், கெஞ்சிச் சொன்னேன், அழுதும் சொன்னேன். சொந்தபந்தங்களிடம் சொன்னேன். முகம் தெரியாத பக்கங்களின் உள்பெட்டியில் எழுதிச் சொன்னேன். கோடிக்கணக்கான மக்களின் கண்ணைக் கட்டியாளும் நிறுவனங்கள் ஓரத்தில் வைத்திருக்கும் மூன்று புள்ளிகளை அமுக்கி, 'ஆர்வமில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். ஒருவர் காதிலும் ஏறவில்லை. என் கைப்பேசித் திரையில் இன்றைக்கும் பாம்பு நெளிகிறது.

என்னால் பாம்பைப் பார்க்க முடியாது. "பாம்புன்னா யாருக்குத்தான் பயமில்லை?" என்று கேட்பீர்கள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்ற பழமொழியையும் சேர்த்துச் சொல்வீர்கள். வரப்பில் எதிர்ப்பட்டால் நீங்கள் துள்ளி விலகுகிறீர்களே, அந்தப் பயம் உங்கள் உயிரைக் காக்கிறது. விலகியதும் தீர்ந்தும் போகிறது. எனக்கு நேரில் வர வேண்டியதில்லை. காகிதத்தில் அச்சடித்த படமே போதும். என் மகளின் பாடப் புத்தகத்தில் பாம்புப் படம் இருந்த பக்கத்தின் மேல் என் கணவர் வெள்ளைத்தாள் ஒட்டிக் கொடுத்த பிறகுதான் நான் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். மருத்துவர்கள் இதை அச்சநோய் என்கிறார்கள்; ஃபோபியா என்றால் எல்லோருக்கும் தெரியும். பாம்பு என்று எழுத என்னால் முடிகிறது. படம்தான் முடியாது.

திரையில் அது வந்த நொடியில் எனக்கு என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது கேளுங்கள். நெஞ்சு அடைக்கிறது. உள்ளங்கை வேர்த்துக் கைப்பேசி வழுக்குகிறது. பிடரி சில்லிடுகிறது. கால்களைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொள்கிறேன். தரையில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும், என் காலுக்குத் தெரிவதில்லை. படம் போய்விடும், பயம் போகாது. அன்றிரவு போர்வையை உதறுகிறேன், தலையணையைத் திருப்பிப் பார்க்கிறேன், கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்கிறேன். குளியலறைக்கு வெளியே நின்று விளக்கைப் போட்டு, மூலை மூலையாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன். தையல்தான் என் தொழில்; மெஷினின் மிதியில் கால் வைக்கும் முன் குனிந்து பார்க்கிறேன். தரையில் சுருண்டு கிடந்த லேஸைக் கண்டு அலறியிருக்கிறேன். உங்களுக்குச் சில நொடி வேடிக்கை. எனக்கு அடுத்தடுத்த இரவுகளின் உறக்கம் போகிறது.

"மனசைத் திடப்படுத்திக்கோ" என்கிறார்கள். மனது அங்கே வந்து சேரும் முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. ஆர்னே ஓமன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர், சோவாரெஸ் என்பவரோடு சேர்ந்து 1990-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். பாம்புக்கு அஞ்சுகிறவர்களுக்கு, ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் முப்பது பங்கு நேரம் மட்டும் பாம்புப் படத்தைக் காட்டிவிட்டு, உடனே வேறொரு படத்தால் மறைத்துவிட்டார்கள். என்ன பார்த்தோம் என்று அவர்களால் சொல்ல முடியாத அளவுக்குக் குறைந்த நேரம் அது. ஆனாலும் அவர்கள் தோலில் வியர்வை மாறியதைக் கருவி பதிவு செய்தது. கண்ணுக்கு இன்னதென்று விளங்கும் முன்பே உடம்பு நடுங்கத் தொடங்கிவிடுகிறது. விளங்காத ஒன்றை எதிர்த்து நான் எப்படித் திடமாக நிற்பது? கட்டைவிரலால் தள்ளிவிட்டால் ஆயிற்று என்கிறீர்களே, தள்ளும் முன்பே பார்த்தாயிற்று.

இப்படித் தவிப்பது நான் ஒருத்தி என்று எண்ணிவிடாதீர்கள். உலக மனநல ஆய்வு என்ற பெயரில் 22 நாடுகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் விசாரித்து 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் வாழ்நாளில் ஏதாவதொரு காலத்தில் இந்த நோயோடு இருந்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒருவருக்கு நாய், ஒருவருக்குச் சிலந்தி, ஒருவருக்குப் பல்லி, ஒருவருக்கு உயரமான கட்டடத்தின் விளிம்பு. யாராவது வாந்தியெடுக்கும் காட்சி தங்களுக்கு என்ன செய்கிறது என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் மறைத்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2021-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா தடுப்பூசிச் செய்தி ஒவ்வொன்றின் மேலும் சதையில் ஊசி இறங்கும் படம். ஊசிக்கும் ரத்தத்துக்கும் அஞ்சுகிறவர்களின் உடம்பு எங்கள் உடம்பைப் போல நடந்துகொள்வதில்லை. அவர்களுக்கு நெஞ்சுத் துடிப்பு முதலில் ஏறி, பிறகு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, மயங்கி விழுவதும் உண்டு. ஊசி போட்டுக்கொள் என்று அழைப்பதற்காக வைத்த படமே அவர்களை ஊசியிலிருந்து விரட்டியது. புன்னகையோடு சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுகிற ஒரு மனிதரின் படம் போதாதா? இதை எண்ணிப் பார்க்க எத்தனை செய்தி அறைகளில் ஆள் இருந்தது?

முதலில் என் சொந்தங்களிடம் கேட்கிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் கரையில் வளர்ந்தவள் நான். நெல் வயல் இருக்கும் ஊரில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வயலில் இருந்தால் அது அதன் இடம். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கு என்ன வேலை? பங்காளி வீட்டு வளைகாப்புப் படமும் பாட்டியின் மருந்துச் சீட்டும் வரும் குழு அது. அதை விட்டு விலகினால், வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் எனக்குத் தெரியாமல் போகும். விலகாமல் இருந்தால், காலை வணக்கத்தை அடுத்து ஸ்கூட்டருக்குள்ளிருந்து தலை நீட்டும் பாம்பின் வீடியோ வரும். 'அனைவருக்கும் பகிரவும்' என்று அடியில் எழுதியிருக்கும்.

"இதெல்லாம் குரூப்ல போடாதீங்க மாமா, எனக்கு ஒத்துக்கறதில்லை" என்று எழுதினேன். "அட அம்மிணி, படந்தானே, உள்ள இருந்து எந்திரிச்சு வந்து கொத்திப்போடுமாக்கும்?" என்று பதில் வந்தது. அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. அன்று மாலையே சின்னவர்கள் சிலர் தனியாகவும் அனுப்பத் தொடங்கினார்கள். "அக்கா, இந்த டிசைன் பாருங்க" என்று எழுதி, அதன் கீழே பாம்புப் படத்தை வைத்தார்கள். நான் அலறியதை ஒருவர் வீடியோ எடுத்து, அதையும் குழுவில் போட்டார். கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் கையை நெளித்துக் காட்டிச் சிரித்தவர்கள் உண்டு.

இதில் என்ன சிரிப்பு இருக்கிறது? மூச்சிரைப்பு உள்ளவருக்கு முன்னால் நின்று புகை ஊதினால் நீங்கள் சிரிப்பீர்களா? வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் வயதானவரின் திண்ணைக்குக் கீழே பட்டாசு கொளுத்தினால் அடிக்க ஓட மாட்டீர்களா? என் நோய்க்கு மட்டும் ஏன் பரிகாசம்? காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது, எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே இருக்கிறது. எனக்கு நடப்பதைக் காட்ட என்னிடம் நடுங்குகிற கை மட்டும்தான் இருக்கிறது. அதையும் வீடியோ எடுத்துவிட்டீர்கள்.

அடுத்து வருவது பெரியவர்களின் வைத்தியம். "பாத்துப் பாத்துத்தான் கண்ணு பழகும்." பார்த்துப் பழகுவதில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைத்தான் இவர்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். ஜோசப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் 1958-லேயே இதற்கு வழி எழுதி வைத்தார். உடம்பைத் தளர்த்தி அமைதியாக இருக்கக் கற்றுக்கொடுத்து, மிகக் குறைந்த பயம் தருவதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏற்றுவது அந்த முறை. ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், நன்றாகத் திட்டமிட்டால் மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில்கூடப் பலரைத் தேற்றிவிடலாம் என்று 1980-களின் இறுதியில் காட்டினார். இந்தச் சிகிச்சைகளில் அடுத்து என்ன வரப்போகிறது என்பது நோயாளிக்குத் தெரியும். சரி என்று அவர் சொன்ன பிறகே அடுத்த படி. போதும் என்றால் அங்கேயே நிற்கும். குணமாவதே அந்தப் பிடி அவர் கையில் இருப்பதால்தான்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க இடுப்பில் சுரைப்புருடை கட்டி, கயிற்றைப் பெரியவர் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறக்குவார்கள். நீங்கள் செய்வது, கிணற்றோரம் நடந்து போகிறவளைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, "நீந்து" என்பது. தள்ளப்பட்டவள் தப்பித்துக் கரையேறினாலும் பிறகு கிணறு இருக்கும் திசைக்கே போக மாட்டாள். என் நோய் இப்படித்தான் வளர்ந்தது. எதிர்பாராமல் படம் வருகிறது, நான் கைப்பேசியை வீசிவிட்டு ஓடுகிறேன், ஓடியதால் நெஞ்சு அமைதியாகிறது. ஓடினால்தான் பிழைத்தாய் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் வேகமாக ஓடுகிறேன்.

நான் சிகிச்சைக்குப் போனேன். முதலில் வெள்ளைத்தாளில் பென்சிலால் இழுத்த நெளிகோடு. அதைப் பார்த்து மூச்சை நிதானமாக விடப் பழகினேன். பிறகு குழந்தைகள் வரைவது போன்ற படம். பிறகு அதற்கு வண்ணம். அந்தப் பெண் மருத்துவர் ஒவ்வொரு தாளையும் கவிழ்த்து வைத்து, "திருப்பட்டுமா?" என்று கேட்டுத்தான் திருப்புவார். சில நாள் வேண்டாம் என்பேன். முகம் சுளிக்காமல் எடுத்து வைத்துவிடுவார். நம்பிக்கை வந்தது. அப்படியொரு வாரத்தில், வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட ஜாக்கெட் கழுத்து மாதிரியைத் தேடிக்கொண்டிருந்தபோது, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, படம் எடுத்துச் சீறும் பாம்பின் ரீல் ஒன்று ஓடியது. மறுபடி நெளிகோட்டிலிருந்து தொடங்க வேண்டி வந்தது. மருத்துவரின் உழைப்பு, நான் கட்டிய பணம், பஸ் ஏறிப் போய் வந்த அலைச்சல், அத்தனையும் போனது. இதற்கு யார் பொறுப்பு?

"அவ்வளவு கஷ்டமென்றால் அந்தப் பக்கமே போகாதே" என்பது அடுத்த அறிவுரை. போகாமல் எப்படிச் சாப்பிடுவது? நான் ஆரி வேலை செய்து ஜாக்கெட் தைக்கிறவள். முன்பு கடைவீதியில் பலகை மாட்டினால் போதும். இப்போது கல்யாணப் பெண் வீட்டிலிருந்தபடியே ரீல் பார்த்துத்தான் தையற்காரியைத் தேர்ந்தெடுக்கிறாள். மாதிரி வருவது அங்கே, ஆர்டர் வருவது அங்கே, முன்பணத்துக்கு ஸ்கிரீன்ஷாட் வருவதும் அங்கேதான். என் மகளின் பள்ளி, வீட்டுப்பாடம் அனுப்புவதும் ஒரு குழுவில். மழைக்கு விடுமுறையா என்று அறிவதும் அங்கே. ஊரின் தெருக்கள் எல்லாவற்றையும் கைப்பேசிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, உன்னால் முடியாவிட்டால் தெருவுக்கு வராதே என்கிறீர்கள்.

இப்போது என்னுடைய ஏற்பாடு என்ன தெரியுமா? பள்ளி விட்டு வந்த என் மகள், என்னருகில் உட்கார்ந்து, எனக்கு முன்னால் திரையைத் தள்ளிப் பார்க்கிறாள். "இது இருக்கும்மா, கண்ணை மூடிக்கோ" என்கிறாள். மூடிக்கொள்கிறேன். "போயிருச்சும்மா" என்கிறாள். ஒரு தாய்க்குக் குழந்தை காவல் நிற்கிறது. அவள் விளையாடப் போக வேண்டிய நேரம் அது. அந்த நேரத்தை அவளிடமிருந்து பிடுங்கியவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

நிறுவனங்களே, உங்களிடம்தான் எனக்குப் பெரிய வழக்கு. உறவினருக்கு அறியாமை என்று சொல்லலாம். உங்களுக்கு எல்லாம் தெரியும்.

ஒரு பதிவின் மேல் ஒருவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்து, அடுத்து என்ன காட்டுவதென்று தீர்மானிப்போம் என 2015-ல் ஃபேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது. விருப்பக்குறி போட வேண்டாம், கருத்து எழுத வேண்டாம், நின்றாலே போதும். பயத்தில் ஒருத்தி என்ன செய்வாள்? உறைந்து போவாள். விரல் அசையாது. அந்த உறைந்த நொடிகளை ஆர்வம் என்று எழுதிக்கொள்கிற கணக்கை வைத்துக்கொண்டு, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று கொண்டுவந்து போடுகிறீர்கள். நான் நடுங்கிய நேரத்தை விளம்பரக்காரரிடம் விற்கிறீர்கள். ஆசையோடு பார்க்கிறவரையும் அஞ்சி உறைந்தவரையும் ஒரே தட்டில் வைக்கிற அந்தக் கணக்கு எனக்கு எதிரான குற்றம்.

'ஆர்வமில்லை' என்ற பொத்தானை வைத்திருக்கிறோமே என்பீர்கள். மோசில்லா அறக்கட்டளை 2022-ல் யூடியூப்பின் பொத்தான்களைச் சோதித்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பார்வைத் தகவலைக் கொடுத்து உதவினார்கள். 'ஆர்வமில்லை' என்ற பொத்தான், வேண்டாத பரிந்துரைகளில் 11 விழுக்காட்டைத்தான் தடுத்தது. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பதுகூட 43 விழுக்காடு, பாதிக்கும் குறைவு. என் விரல் தேய அமுக்கியும் ஒன்றும் நடக்காதது ஏன் என்று அதைப் படித்தபோதுதான் விளங்கியது.

சில தளங்களில் சொற்களைத் தடுக்கும் வசதி உண்டு. தமிழில் எழுதித் தடுத்தேன். ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதித் தடுத்தேன், ஆங்கிலச் சொல்லையும் தடுத்தேன். என் சிகிச்சையைக் கெடுத்த அந்த ரீலின் கீழே 'கடைசி வரை பாருங்கள்' என்பதைத் தவிர வேறு சொல்லே இல்லை. சொல் வழியாக வந்தால்தானே சொல்லைத் தடுத்துப் பயன்? அது படத்தின் வழியாக வருகிறது.

படத்தில் என்ன இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாதா? 2015-ல் வந்த கூகுள் போட்டோஸ், நாய் என்று தட்டினால் நாய் இருக்கும் படங்களை எல்லாம் எடுத்துத் தருகிறது. 2016-ல் ஃபேஸ்புக், பார்வையற்றோருக்காகப் படத்தில் என்னென்ன இருக்கின்றன என்று இயந்திரமே கண்டுபிடித்துச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. அது நல்ல காரியம், வாழ்த்துகிறேன். பார்க்க முடியாதவருக்காகப் படத்தைச் சொல்லில் தரத் தெரிந்த உங்களுக்கு, பார்த்தால் உடைந்து போகிறவருக்காக அந்தப் படத்தின் மேல் ஒரு திரை போடத் தெரியாதா? கொடூரக் காட்சிகளின் மேல் மங்கலான மறைப்பு போட்டு, 'பார்க்க வேண்டுமா?' என்று கேட்கிறீர்களே, அந்த மறைப்பை எனக்கும் தாருங்கள் என்கிறேன். எதை மறைப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் என் கையில் கொடுங்கள்.

முடியாது என்று சொல்ல வேண்டாம். விளையாட்டு செய்கிறவர்கள் முடித்துக் காட்டிவிட்டார்கள். 2020-ல் வெளிவந்த 'கிரவுண்டட்' என்ற கணினி விளையாட்டில், சிலந்திக்கு அஞ்சுகிறவர்கள் அதன் கால்களையும் உருவத்தையும் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. 'சாட்டிஸ்ஃபாக்டரி' என்ற விளையாட்டில் சிலந்தி வர வேண்டிய இடத்தில் பூனைப் படம் வரும்படி மாற்றிக்கொள்ளலாம். 2024-ல் 'ஹாக்வர்ட்ஸ் லெகசி' விளையாட்டும் இதுபோன்ற வசதியைச் சேர்த்தது. ஒரு பொழுதுபோக்குக்காக இவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்கள். கோடிக்கணக்கானோரின் பிழைப்பும் உறவும் ஓடுகிற தளங்களில் அந்த அக்கறை எங்கே?

திரையை வைத்திருந்தவர்கள் பொறுப்பேற்ற காலமும் உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய காட்சியைப் பார்த்து ஏறத்தாழ 700 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் பிள்ளைகள். தொடரை மாதக்கணக்கில் நிறுத்தி, மின்னும் காட்சிகளுக்கு வரம்பு வகுத்தார்கள். பார்க்கிறவரின் பலவீனம் அது, எங்கள் தவறில்லை என்று அவர்கள் கைகழுவவில்லை. திரையில் போகிறது ஒருவரின் உடம்பைத் தாக்கும் என்று தெரிந்துவிட்டால், திரையை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது.

இங்கே நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கின்றன. இணையத்தில் படமும் தொடரும் காட்டும் நிறுவனங்கள், வயதுப் பிரிவையும் உள்ளே என்ன மாதிரிக் காட்சிகள் உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்கின்றன. சமூக ஊடகங்கள் குறைதீர் அலுவலரை வைத்து, குறித்த காலத்துக்குள் பதில் தர வேண்டும் என்கின்றன. அந்த வழியிலும் போனேன். நான் கடை நடத்தும் தளத்துக்குப் புகார் எழுதினேன். வன்முறை, ஆபாசம், வெறுப்புப் பேச்சு என்று கட்டங்கள் இருந்தன; என் துன்பத்துக்குக் கட்டம் இல்லை. ஏதோ ஒன்றில் எழுதி அனுப்பினேன். 'இந்தப் பதிவு எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் வந்தது. விதியை மீறியது என்று நான் சொல்லவே இல்லை. என்னிடம் காட்டாதே என்றுதான் சொன்னேன்.

பாம்பைப் பிடித்துப் பிழைப்பாக ரீல் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வந்ததைப் பத்திரமாகப் பிடித்துக் காட்டில் விடுகிறவரை நான் கும்பிடுகிறேன். பிடித்ததைக் கழுத்தில் சுற்றி, முத்தமிட்டு, வாலைப் பிடித்துக் கேமரா முன் ஆட்டுவது எந்த ஊர் சேவை? காட்டுயிரைப் பிடித்து வித்தை காட்டக் கூடாது என்று 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்த உயிருக்கும் துன்பம், எனக்கும் துன்பம், உங்களுக்கு லைக்.

மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. அவர்கள் எடுக்கும் நஞ்சிலிருந்து கடிபட்டவரைக் காக்கும் மருந்து பிறக்கிறது. அந்த மக்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மனமாரப் பெருமைப்பட்டேன், படத்தைப் பார்க்காமல் செய்தியை மட்டும் வாசித்தேன். வடநெம்மேலிக்கும் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் விரும்புகிறவர் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார். வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்த வாசலைத் தாண்டுவதா, திரும்புவதா என்பது என் முடிவு. அவர்கள் யாரும் என் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுவதில்லை.

"அப்படியானால் விழிப்புணர்வு வேண்டாமா?" என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர். தமிழ்நாட்டில் 2024-ல் பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவே அறிவித்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் மக்கள் அடையாளம் கண்டாக வேண்டும். படம் போடுங்கள். முதல் பக்கத்தில் எழுத்து மட்டும் வைத்து, 'அடுத்து பாம்புப் படங்கள் வரும்' என்று ஒரு வரி எழுதி, இரண்டாம் பக்கத்தில் படத்தை வையுங்கள். கடித்தால் கட்டுப் போடாதே, கீறாதே, உறிஞ்சாதே, உடனே மருத்துவமனைக்குப் போ என்ற பாடத்தைச் சொல்லப் பாம்புப் படமே தேவையில்லை. எனக்கும் வயல் இருக்கிறது, எனக்கும் அந்தப் பாடம் வேண்டும். படத்தை முகப்பில் ஒட்டி என்னை அதிலிருந்து விரட்டுகிறீர்கள்.

என்னைப் போல நடுங்குகிறவர்களே, அவர்கள் திருந்தும் வரை நம்மால் ஆனதைச் செய்துகொள்வோம். வாட்ஸ்அப் அமைப்புகளில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். மங்கலாக நிற்பதை, அனுப்பியவரைக் கேட்டுத் திறக்கலாம். தானாக ஓடும் வீடியோவை நிறுத்தும் வசதி எந்தத் தளத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள். சொல் தடுப்பில் தமிழ், ஆங்கிலம், இரண்டும் கலந்த எழுத்து, பாம்பு எமோஜி எல்லாவற்றையும் சேருங்கள். முழுதாகத் தடுக்காவிட்டாலும் கொஞ்சம் குறையும். சிகிச்சை உண்டு, பலருக்குக் குணமாகியிருக்கிறது, வெட்கப்படாமல் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நானும் மறுபடி போகத் தொடங்கியிருக்கிறேன்.

மற்ற எல்லோரிடமும் கேட்பதைத் தெளிவாகவே கேட்டுவிடுகிறேன். உலகத்தில் பாம்புப் படமே இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உறவுகளே, அனுப்பும் முன் 'பாம்பு வீடியோ' என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். வேண்டாம் என்றவருக்கு அனுப்பாதீர்கள். ரீல் போடுகிறவர்களே, முதல் காட்சியை எழுத்தாக வையுங்கள். செய்தியாசிரியர்களே, முகப்புப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எங்களையும் வாசகராக எண்ணுங்கள். நிறுவனங்களே, எதை மறைக்க வேண்டும் என்று நாங்களே சொல்லும் ஒரு கட்டத்தைத் திறந்து, அதை மதித்து நடங்கள். அரசே, அந்தக் கட்டத்தை அவர்கள் வைத்தாக வேண்டும் என்று விதி எழுதுங்கள்.

என் கண்ணில் எது விழ வேண்டும் என்பதில் கடைசிச் சொல் என்னுடையது. அதை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள உறவுக்கும் உரிமை இல்லை, கம்பெனிக்கும் உரிமை இல்லை. கேட்டுவிட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.